வேப்பங்குழை கட்டிய கம்பு

ஏன் விற்கிறீங்க என்று வந்ததும் வராததுமாகக் கேட்டீங்க. கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. நாலு ஏக்கர், உப்பில்லாத தண்ணீர் வருகிற போர், காய்ப்புக்கு வந்த முருங்கை, ஒரு அறை, ஒரு அடுப்படி. வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அதற்குள் விற்கிறார்கள் என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்க வீட்டில் அவுக என்ன பதில் சொன்னாங்க? "இவளுக்குப் பாம்பு பயம்" என்றாங்க. நீங்க சிரிச்சீங்க. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

எனக்குப் பாம்பு பயம் கிடையாது. வந்த மூன்றாம் நாளே குளிக்கிற மறைப்புக்குள் ஒரு சாரை வந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நீ முதலில் போ" என்று சொல்லி ஒதுங்கி நின்றேன். போய்விட்டது.

உட்காருங்க. ஆம்பிளைகள் எல்லைக்கல் பார்த்துவிட்டுச் சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும். வடக்குப் பக்கம் முள் மண்டிக் கிடக்கிறது, வெட்டி வழி பண்ணித்தான் போக வேண்டும். முன்னால் அரிவாளோடு போகிறானே, அந்த ஒல்லியான ஆள், பெயர் உச்சிமாகாளி. அவனைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்க. நான் சொல்லப்போகிறது அவன் விஷயம்தான். அவன் விஷயம் என்றால், என் விஷயம். டீக்குச் சீனி போதுமா? ஈ வரும், மூடி வைத்துக் குடிங்க.

அவுகளுக்குத் தூத்துக்குடியில் நூல் மில்லில் வேலை. முப்பத்துநாலு வருஷம் பஞ்சுத்தூசியில் நின்ற மனுஷர். ரிட்டயர் ஆனதும் ஒரே பிடிவாதம், காற்று வருகிற இடத்தில் நாலு மரம் வைக்க வேண்டும் என்று. பிள்ளைகள் இரண்டும் வெளியூர். மகன் பெங்களூரில், மகள் மஸ்கட்டில். நாங்கள் பத்திரம் முடித்த அன்றைக்கு மகளுக்கு வீடியோவில் காட்டினேன். "அம்மா, ஃபார்ம்ஹவுஸா!" என்றாள். நான் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எங்கே திருப்பினாலும் உடைமுள். "ஹவுஸ் எங்கம்மா?" என்றாள். "ஃபார்ம் எங்கன்னு முதலில் கேளு" என்றாங்க அவுக.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையல், பிள்ளை, கோயில். ஜெபம் பண்ணுவேன். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. முன்பு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். "செல்வபாய் ஜெபம் பண்ணினால் கேட்கப்படும்" என்று சபையில் சொல்வார்கள். எனக்கு அது காதுக்கு இனிக்கும்.

மெஷின் வைத்து உடைமரத்தைப் பிடுங்கினோம். ஒரு பக்கம் பிடுங்க மறுபக்கம் முளைத்தது. ஸ்கூட்டர் டயரில் முள், செருப்பில் முள், உலர்த்தின பாவாடையில் முள். ஒரு நாள் அவுக குதிகாலில் ஒரு விரல் நீளத்துக்கு ஏறிவிட்டது. உச்சிமாகாளிதான் வந்து ஊக்கால் நெம்பி எடுத்து, எருக்கம்பால் வைத்துக் கட்டினான். "முள்ளு வெளிய வந்துட்டு ஐயா, இனி கத்தலாம்" என்றான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த அவுக சிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு ஆள். மருந்து அடிக்க, குழி வெட்ட, வேலி அடைக்க, இந்த ஆண்டிச்சிவிளையில் எந்தக் காட்டுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் சொன்னபடிதான் நாங்கள் முருங்கை வைத்தோம்.

முருங்கை இடுப்பளவு வந்தபோது ஆடு வர ஆரம்பித்தது.

கிழக்கே வேலியில் ஒரு இடைவெளி இருக்கிறது, ஆள் நுழைகிற அளவு. கடவு என்பார்கள். நாங்கள் வாங்குவதற்கு முன்பு இது வெறும் உடங்காடு. முத்துப்பேச்சி என்று ஒரு அம்மாள், அவளும் என் வயதுதான், பதினோரு ஆடு வைத்திருந்தாள். பல வருஷமாக இதில்தான் மேய்த்தாள். உடைநெற்றை, அந்த முள்மரத்தின் காய்ந்த காயை, தின்று வளர்ந்த ஆடுகள். அவை பாட்டுக்கு வரும். நான் முதலில் நல்லபடியாகத்தான் சொன்னேன். "அம்மா, கன்று எல்லாம் போகுதே, கொஞ்சம் அந்தப் பக்கம் ஓட்டுங்களேன்."

அவள் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஏளா கேட்டியா, நேத்து வந்தவுக உன்ன அந்தப் பக்கம் போகச் சொல்லுதாவ. ஒனக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியுமா? தெரிஞ்சா வாசிச்சிட்டுப் போ."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும் இல்லையா? இப்போது நினைத்தால் வருகிறது. அன்றைக்குக் கோபம் வந்தது. அவுக உள்ளே இருந்து வந்து சத்தம் போட்டார்கள். அவளும் சத்தம் போட்டாள். ஒரு ஆட்டின் மேல் அவுக எறிந்த கல் பட்டுவிட்டது. உடனே அவள் குனிந்து ஒரு கை மண்ணை வாரி எங்கள் வாசலைப் பார்த்துத் தூற்றினாள். "நீங்க வச்ச மரம் உங்களுக்கே வெளங்காது" என்றாள்.

மண்ணை வாரித் தூற்றினால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே. சாபம். அன்றிலிருந்து தினமும் ஜெபம். அவளுக்காக ஜெபம் பண்ணினேன் என்று சபையில் சொன்னேன். உண்மையில் என்ன ஜெபம் பண்ணினேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்த ஆடுகள் இந்தப் பக்கம் வரக்கூடாது." அவ்வளவுதான். நடந்து போனால் பத்து நிமிஷம் அவள் வீடு. ஒரு நாள் போய், ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உடைநெற்று உதிர்ந்ததை நீயே வந்து பொறுக்கிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். முட்டி போடுகிறது எனக்கு லேசாக இருந்தது. அந்தப் பத்து நிமிஷம்தான் கஷ்டமாக இருந்தது.

போன கார்த்திகை மாசம், ஒரு சனிக்கிழமை. நான் காலையிலேயே தூத்துக்குடிக்குப் போய்விட்டு ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன். அவுக வீட்டில் இல்லை, மோட்டார் ரிப்பேர்காரரைப் பார்க்கப் போயிருந்தார்கள். பையை வைத்துவிட்டு அப்படியே நடந்தால், கடவில் ஒரு கம்பு நட்டிருக்கிறது. கம்பின் நுனியில் வேப்பங்குழை, ஒரு கொத்து வேப்பிலை. அதற்குக் கீழே ஒரு சிவப்புத் துணி. அதற்குக் கீழே ஒரு பாட்டில், தலைகீழாக. பக்கத்தில் போனால் ஒரு வாடை, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. செய்வினை. மண்ணை வாரித் தூற்றினவள் இப்போது கம்பும் நட்டுவிட்டாள்.

இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லும் அம்மா, அது என்னவென்று. மருந்து அடித்த காட்டுக்கு அடையாளம் அது. அதைப் பார்த்தால் எந்த ஆட்டுக்காரியும் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். முருங்கையில் கம்பளிப்பூச்சி விழுந்திருந்தது, அன்றைக்கு உச்சிமாகாளி மருந்து அடித்துவிட்டு, கடமையாகக் கம்பை நட்டுவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு மருந்து அடித்த சங்கதியே தெரியாது. பூச்சி விழுந்தது தெரியும், இன்றைக்கு அடிப்பான் என்று தெரியாது. அந்த வாடையைக்கூடப் பிசாசின் வாடை என்று நினைத்தேன். சிரிங்க, பரவாயில்லை.

ஜெபித்த எண்ணெய் ஒரு குப்பியில் வைத்திருப்பேன். அதைக் கொண்டுவந்து கம்பைச் சுற்றி ஊற்றினேன். பாட்டுப் பாடினேன். கம்பைப் பிடுங்கி, குழியை மிதித்து மூடி, எல்லாவற்றையும் அடுப்படிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சருகு போட்டுக் கொளுத்தினேன். பாட்டில் வெடித்தது. பிசாசு அலறுகிறது என்று இன்னும் சத்தமாகப் பாடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. உடனே எங்கள் ஜெபக்குழு ரூபி அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நாளைக்கு ஆராதனையில் நீ சாட்சி சொல்லியே ஆகணும் செல்வபாய்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடிக்கு, கோயிலுக்குப் போய்விட்டோம். சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னேன். சத்துரு நட்ட கம்பை ஆண்டவர் பிடுங்கிப் போட்டார் என்று. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சில பேர் அழுதார்கள்.

பன்னிரண்டரை பஸ்ஸில் இறங்கினால் எங்கள் வாசலில் கூட்டம்.

ஏழு ஆடு. முருங்கைக்கு நடுவே நாலு, வேலியோரம் இரண்டு. ஏழாவது ஆடு சினை. அது வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நடந்திருக்கிறது போல, பாதையில் கிடந்தது. வாயில் நுரை. முத்துப்பேச்சி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சினையாட்டின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "இன்னும் அசையுது, இன்னும் அசையுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

உச்சிமாகாளியை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கேட்டார்.

"ஏல, மருந்தடிச்சியே, கம்பு எங்கல?"

"கடவுல நட்டேன் மாமா. வேப்பங்கொழ கட்டி, செவப்புத் துணி கட்டி, பாட்டில கவுத்து…"

"எங்கல இருக்கு? காட்டு."

அவன் கடவுக்கு ஓடினான். தரையைத் தடவினான். நான் மிதித்து மூடின இடம் அது. குழிகூட இல்லை. அவன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவுகதான் முதலில் சொன்னார்கள்: "நடுறேன்னு சொல்லிட்டு மறந்திருப்பான்." எங்கள் மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று சொன்னார்கள். அவுகளுக்குத் தெரியாது. நான் எரித்ததை அவுகளிடம் சொல்லவில்லை. கோயிலில் ஆம்பிளைகள் பக்கம் உட்கார்ந்து அவுக தூங்கிவிடுவார்கள், சாட்சியையும் கேட்கவில்லை.

உச்சிமாகாளி சூடம் வாங்கிவரச் சொன்னான். அங்கேயே, கடவில், சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "நான் கம்பு நடலன்னா என் குடும்பம் வெளங்காமப் போவட்டும்" என்றான். அவன் கை சுட்டது எனக்குத் தெரிந்தது. நான் வெள்ளைச் சேலையில், ஜெபமாலை மாதிரிக் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. திறந்தால் ரூபி அக்கா, சபை, அழுத அத்தனை பேர்…

ஊர் நம்பவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அவனை மருந்து அடிக்கக் கூப்பிடவில்லை. அவனிடம் ஒரே ஒரு வெள்ளாடு இருந்தது. அதை இழுத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனான், முத்துப்பேச்சி வீட்டில் ஈடாகக் கட்ட. அது வராமல் கத்தியது. பொய்ச் சத்தியம் பண்ணினவன் வீட்டில் பிள்ளை தங்காது என்று யாரோ சொல்ல, அவன் பெண்டாட்டி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

இதுவரை சொன்னது கெட்டதுதான். ஆனால் முழுசாகச் சொல்லவில்லை அம்மா. ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன். எப்போது சொன்னாலும், மனசுக்குள் எனக்கு நானே சொன்னாலும், அந்த இடத்தில் மாற்றித்தான் வருகிறது.

மருந்து அடித்தது எனக்குத் தெரியாது என்றேன் இல்லையா? கம்பை எரிக்கும்போது தெரியாது. அது சத்தியம். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவுக வந்து, நான் இரண்டாவது தோசையைப் போடும்போது சொன்னார்கள். "உச்சிமாகாளி மருந்தடிச்சிட்டான். கடவுல வேப்பங்கொழ கட்டிக் கம்பு நடுறேன்னு சொன்னான், இனி நாலு நாளைக்கு அந்தம்மா ஆடு வராது."

தோசைக்கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. தெரிந்துவிட்டது எனக்கு. அந்த நிமிஷமே முழுசாகத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவுக சிரித்திருப்பார்கள். ஒரு வாரம் சிரித்திருப்பார்கள், மகனுக்குப் போன் போட்டுச் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் நஷ்டம். விடிந்ததும் வேறு கம்பு நட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கம்பை ஒடித்து நட எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபம் பண்ணினேன். பிறகு போய்ச் சாட்சி சொன்னேன். அது செய்வினை இல்லை என்று தெரிந்துகொண்டே. ரூபி அக்கா என் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் எழுந்து நின்றேன். நான் பேசிக்கொண்டிருந்த நேரம்தான் ஆடுகள் கடவு வழியாக உள்ளே வந்திருக்கின்றன. பிறகு கணக்குப் பார்த்தேன், அதே நேரம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. டீ ஆறிவிட்டதா? வேறு போடவா? சரி, இருக்கட்டும்.

தை மாசம் உச்சிமாகாளி வந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை. அந்த வாசல்படியில், இப்போது நீங்கள் செருப்பு விட்டிருக்கிறீர்களே, அங்கே உட்கார்ந்தான்.

"அம்மா, நீங்க ஜெபம் பண்ணுனா கேக்கும்னு சொல்லுதாவ."

"மருந்து சாப்பிடுறியா?" என்றேன்.

"கீழாநெல்லி குடிக்கேன். அது இல்லம்மா." படியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினான். "நான் கம்பு நட்டேனா இல்லையான்னு எனக்கே இப்பம் சந்தேகமா இருக்கு. நட்ட மாதிரி இருக்கு. துணி கட்டுன மாதிரி இருக்கு. ஆனா அத்தன பேரும் இல்லங்கும்போது… நடாமத்தான் சத்தியம் பண்ணிட்டனோ என்னவோ. எனக்காக மன்னிப்புக் கேளுங்கம்மா."

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவன் தலையில் கை வைத்தேன். வைத்து, சத்தமாக, "ஆண்டவரே, இந்த மகனுடைய மறதியை மன்னியும்" என்று ஜெபம் பண்ணினேன். அவன் அழுதான். கும்பிட்டான். "லேசா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முட்டி போட்டால் அந்தச் சூடுபட்ட கைதான் கண் முன்னால் வருகிறது. நான்தான் அவுகளிடம் விற்றுவிடலாம் என்று சொன்னேன். பாம்பு என்று சொன்னேன். போய்விட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் வருகிற செய்தி வந்ததும் வேலி ஓரம் முள் வெட்ட ஆள் வேண்டும் என்று அவுக அவனையே கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு மாசத்துக்குப் பிறகு இந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் நிலத்தை விற்றுவிட வழி வெட்டுகிறது.

உங்களிடம் சொன்னதால் எனக்குப் பாரம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீங்க. நீங்கள் யாரோ. சாயங்காலம் காரில் போய்விடுவீங்க. உங்களிடம் சொல்கிறதும் அந்தப் பஸ் ஜெபம் மாதிரிதான். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் வேறு யாரிடமோ சொல்கிறது. ஆனால் இப்போது இந்த வாசலில் விஷயம் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறீங்க. நான் இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டால், மூடிக்கொண்டாள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் சொன்னேன்.

அவன் மட்டும் முன்னால் வருகிறான் பாருங்க. தண்ணீருக்கு வருகிறான். எழுந்து போய்விடாதீங்க அம்மா. உட்காருங்க. நிலம் வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, அவன் வந்து போகிற வரைக்கும் உட்காருங்க.

வா உச்சிமாகாளி. இந்தா, செம்பு. குடி. குடித்து முடி.

இல்லை, போகாதே. அரிவாளைக் கீழே வை. அந்தக் கம்பு இருக்கிறதே… கார்த்திகை மாசம் நட்டதாகச் சொன்னாயே, அந்தக் கம்பு. நீ நட்டாய். மறக்கவில்லை நீ. நட்டாய். நான் பிடுங்கினேன். நான்தான் பிடுங்கி எரித்தேன். செய்வினை என்று நினைத்து எரித்தேன். எரித்த பிறகு தெரிந்தும் சொல்லவில்லை. சூடம் அடித்தபோது நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன? சத்தமாகக் கேளு.

ஆமாம். சிவப்புத் துணிதான். வேப்பங்குழை, சிவப்புத் துணி, பாட்டில் தலைகீழாக. எல்லாம் நீ சொன்னபடியே இருந்தது.

அழாதே. இல்லை, அழு. உனக்கு அழாதே என்று சொல்ல நான் யார்.

அந்தா அவுகளும் வருகிறார்கள். என்னங்க, நீங்களும் கேளுங்க, எனக்குப் பாம்பு பயம் இல்லை. மீதியை வழியில் சொல்கிறேன்… எங்கேயா? முத்துப்பேச்சி வீட்டுக்கு. அங்கிருந்து இவன் பெண்டாட்டி வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு. அம்மா, அந்தச் செருப்பு என்னுடையது, கொஞ்சம் இப்படித் தள்ளிவிடுங்க.

வேண்டாம் உச்சிமாகாளி, முள் கிடந்தால் கிடக்கட்டும். நீ முன்னால் போகாதே. என் பின்னால் வா.